பின்னறைக்குப் போன ஆறு கூண்டுகள்

கேரி தீவின் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்த புஷ்பவல்லி, கணவர் இறந்த பிறகு கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுங்கை வே என்ற ஊரில் குடியேறினார். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, எடை பார்த்து எழுதும் வேலை கிடைத்தது. படிப்பு ஐந்தாம் வகுப்புதான். ஆனால் எந்த எலி இன்று சரியாகச் சாப்பிடவில்லை என்பது அவருக்குப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

1994இல் அங்கே டாக்டர் நாகம்மை ஓர் ஆய்வைத் தொடங்கினார். எலியின் ஈரலில் பெரும்பகுதியை வெட்டி எடுத்தாலும் சில நாளில் அது திரும்ப வளர்ந்துவிடும். அந்த வளர்ச்சியில் மூளைக்கும் பங்கு உண்டா என்பதுதான் அவர் கேள்வி. மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற பொருளின் வேலையை மாற்றும் மருந்தை, ஈரல் வெட்டிய ஆறு எலிகளுக்குக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, அதேபோல் வெட்டிய வேறு ஆறுக்கு வெறும் உப்புநீர்.

அதே வாரம் பக்கத்துச் சுவரை இயந்திரம் வைத்துத் துளைக்க ஆரம்பித்தார்கள். எலிகள் மூலையில் ஒடுங்கி நடுங்கின. புஷ்பவல்லிக்குப் பொறுக்கவில்லை. ஸ்டோராக இருந்த பின்னறையில் ஆறு கூண்டுக்குத்தான் இடம் இருந்தது. சுவரோரம் இருந்த வரிசையைத் தினமும் காலையில் அங்கே கொண்டுபோய், மாலையில் டாக்டர் வருமுன் திரும்ப வைத்தார். அனுமதியில்லாமல் கூண்டை நகர்த்தக் கூடாது என்பதால் யாரிடமும் சொல்லவில்லை.

முடிவு வந்தபோது டாக்டர் எல்லோருக்கும் மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கிக் கொடுத்தார். மருந்து கொடுத்த ஆறு எலிகளின் ஈரலும் இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது.

"அக்கா, பினாங்கு மாநாட்டுல இதத்தான் பேசப்போறேன்!"

பின்னறைக்குப் போனதும் அதே ஆறுதான் என்று புஷ்பவல்லிக்குத் தெரியும். கையிலிருந்த கறிபாப்பை அப்படியே வைத்துவிட்டார். மூன்றாம் நாள் டாக்டரின் அறை வாசலில் போய் நின்றார்.

"டாக்டர், அந்த ஆறயும் நான்தான் ஸ்டோர்ல வெச்சிருந்தேன். சத்தத்துல நடுங்கிச்சுங்க."

நாகம்மை பேனாவைக் கீழே வைத்தார். "மத்த ஆறு?"

"அங்கேயே கெடந்துச்சுங்க. எடம் பத்தல."

"பயந்தாலே மூளையில செரோடோனின் மாறிடும்க்கா. இப்ப ஈரல் வளந்தது மருந்தாலயா, அமைதியாலயா? எனக்கே தெரியாதுலா."

"தெரியாமத்தான் செஞ்சேன். தெரிஞ்சப்புறம் சும்மா இருக்க முடியல."

"நீங்க போங்க."

வேலை போய்விடும் என்றே புஷ்பவல்லி நினைத்தார். ஆனால் நாகம்மை மாநாட்டுக்குக் கடிதம் எழுதித் தன் பெயரை எடுத்துவிட்டு, துளைக்கும் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தார். நான்கு மாதம் ஆனது. மருந்து கொடுத்த எலிகளுக்கு ஈரல் கொஞ்சம் கூடுதலாகத்தான் வளர்ந்தது. இரண்டு மடங்கெல்லாம் இல்லை. இந்த முறை வேண்டுமென்றே இயந்திரச் சத்தம் போட்டு, அதில் சில எலிகளைத் தனியாக வைத்தும் பார்த்தார். அவற்றின் ஈரல் மெதுவாகத்தான் வளர்ந்தது.

கட்டுரை வெளியானபோது, நன்றி சொல்லும் வரியில் புஷ்பவல்லியின் பெயர் இருந்தது.

"எதுக்கு டாக்டர் எம்பேரு?"

"நீங்க வாயத் தொறக்கலன்னா, நான் ஊர் முழுக்கத் தப்பா சொல்லியிருப்பேன்."

புஷ்பவல்லி எடைத் தராசைத் துடைக்கப் போய்விட்டார். அதன்பின் புதிதாக ஆய்வு தொடங்குகிறவர்கள், கூண்டுகளை எந்த அறையில் வைக்கலாம் என்று முதலில் அவரிடம்தான் கேட்டார்கள்.