அன்றைக்கு மட்டும் மாத்திரை வேண்டாம்

புற்றுநோய் மருத்துவத்தில் ஃபெலோஷிப்புக்குப் போகுமுன் ஓராண்டு வலிதணிப்புச் சிகிச்சை படித்தேன். ஆசைப்பட்டுச் சேரவில்லை. விண்ணப்பத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் எடுபடும் என்று சீனியர் ஒருத்தி சொன்னாள். "சாகப்போறவங்களுக்கு மாத்திரை குடுக்கவா எம்.டி. படிச்ச?" என்று என் பேராசிரியர் கேட்டார். அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம்தான் இருந்தது.

திருநெல்வேலியில் எங்களுக்குப் பாதி வேலை நோயாளிகளின் வீடுகளில். எங்கள் வேனில் ‘புற்றுநோய் வலிதணிப்பு’ என்று எழுதியிருப்பதைப் படித்தால் போதும், எந்த வீட்டில் என்ன நோய் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் வேனை இரண்டு தெரு தள்ளி நிறுத்தச் சொன்னார்.

"மகளுக்கு வரன் பாக்கோம், டாக்டரம்மா. தாய்க்கு இருந்தா பிள்ளைக்கும் வரும்னு சொல்லிருவாவ."

அவர் மனைவிக்கு மார்பில் வந்த புற்று முதுகெலும்புக்குப் பரவியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலிக்கு மார்ஃபின் மாத்திரை. அது இருந்தால் எழுந்து உட்காருவார், மகளைத் திட்டுவார், காபியில் சர்க்கரை போதாது என்பார். அளவைக் கூட்டிய புதிதில் மட்டும் கண் சொருகும்.

நான் அளவைக் கூட்டிய வாரம் பார்த்துத்தான் பெண் பார்க்க நாள் குறித்தார்கள். தாசில்தாரின் மனைவி, அந்த அக்காவே, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு மட்டும் மாத்திர வேண்டாம் டாக்டரம்மா. பேசிக்கிட்டு இருக்கும்போதே தூங்கி விழுந்தேன்னா அவிய கண்டுபிடிச்சிருவாவ. நீங்க பக்கத்துல இருங்க, போதும்."

நோயாளியின் விருப்பமே பெரிது என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நானும் பெரிய ஞானி மாதிரி சரி என்றேன். என்னைத் தூத்துக்குடிச் சொந்தம், கண் டாக்டர் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது தாசில்தாரின் ஏற்பாடு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்லா என்று சிரிக்கவும் செய்தார்.

அன்று பத்து மணி மாத்திரையை விட்டாயிற்று. பட்டுப்புடவை கட்டி, முதுகுக்குத் தலையணை வைத்து அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தோம். மாப்பிள்ளை வீட்டார் நாங்குநேரியிலிருந்து வந்து இறங்கினார்கள். முன்னால் வந்த மாப்பிள்ளையின் அப்பா எனக்குத் தெரிந்தவர். பதினைந்து நாளுக்கொருமுறை எங்களிடம் வந்து, கர்ப்பப்பைப் புற்றோடு படுத்திருக்கும் மனைவிக்கு மார்ஃபின் வாங்கிப் போகிறவர். போன வாரச் சீட்டு நான் எழுதியது. அவரும் என்னைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமல் ஒரு நொடி நின்றார்.

"இவிய நம்ம சொந்தம், கண் டாக்டரு," என்றார் தாசில்தார்.

"வணக்கம்," என்றார் அவர், முன்பின் பார்க்காதவர் போல. வீட்டம்மா வரவில்லையா என்று கேட்டதற்கு, "முழங்கால் வலி, கார்ல உக்கார முடியல," என்றார்.

"இவளும் குளியலறையில வழுக்கி விழுந்து குறுக்கப் பிடிச்சுக்கிட்டுதான் இருக்கா," என்றார் தாசில்தார், மனைவியைக் காட்டி.

இரண்டு முழுப் பூசணிக்காய்களையும் ஒரே சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நோயாளியின் நோயை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதும் வகுப்பில் படித்ததுதான். நீட்டிய கேசரித் தட்டை வாங்கிக்கொண்டேன்.

மண்டபம், முகூர்த்தம், சமையல்காரர் என்று மூன்று மணி நேரம் பேசினார்கள். இரண்டு மணி மாத்திரையும் போயிற்று. அக்கா சிரித்துக்கொண்டே இருந்தார். நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. மாப்பிள்ளையின் அப்பா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் வீட்டில் பார்க்கிறவருக்குத் தெரியாதா? "உள்ள போயி படுங்க தங்கச்சி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வீட்டுக் கதையும் வெளியே வருமே. அவரை மட்டும் திட்டி என்ன, நானும் கேசரி தின்றுகொண்டுதானே இருந்தேன். அந்தக் கேசரியை நினைத்தால் இன்றும் என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சம்பந்தம் முடிவாகி அவர்கள் கார் கிளம்பியதும் ஓடிப்போய் மாத்திரை கொடுத்தேன். அது வேலை செய்ய அரை மணியாவது ஆகும். புடவையைக்கூட மாற்ற முடியாமல் அக்கா ஒருக்களித்துக் கிடந்தார்.

"டாக்டரம்மா, அவியளுக்கு ஒண்ணும் தெரியலல்லா?"

"ஒண்ணும் தெரியலக்கா," என்றேன்.

பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "அது போதும். பட்ட வலி வீணாப் போகல."