விதைச் சேவல்

தவிட்டில் பழைய சோற்றுத் தண்ணீரை ஊற்றி, ஒரு கைப்பிடி கருவாட்டுத் தூளையும் போட்டுப் பிசையும்போது கிளம்புகிறதே, அதை வாடை என்று சொல்வதா நாற்றம் என்று சொல்வதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. விடிந்ததும் விடியாததுமாக எங்கள் கொல்லையிலிருந்து கிளம்பி அது தெருமுனை வரைக்கும் போகும். "கோழிக்குச் சமையல் ஆயிட்டு, மனுசங்களுக்கு எப்போ?" என்று எதிர்வீட்டில் கேலி பேசுவார்கள். பட்டினச்சேரியிலிருந்து மீன்கூடை தூக்கி வரும் அம்மாள், மனிதர் தின்னத் தேறாத கருவாட்டு உடைசலை எங்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருப்பாள். அதை வெயிலில் காயவைத்து உரலில் இடிப்பது அம்மாவின் வேலை. இடித்த தூளைச் சலிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போனது அதனால்தான்.

காரைக்காலிலிருந்து அம்பகரத்தூர் போகிற பஸ் பாதையில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், அம்மாவுக்குக் கோழி. கால்நடை ஆஸ்பத்திரியில் ஒருமுறை பெண்களுக்கென்று குஞ்சுகள் கொடுத்தார்கள். முட்டைக்கும் ஆகும், கறிக்கும் ஆகும் என்று சொல்லிக் கொடுத்த பெரிய ரகம். தெருவில் அதற்கு "ஆபீஸ் கோழி" என்று பெயர் விழுந்துவிட்டது. பெயருக்கு ஏற்ற மாதிரிதான் அதன் நடத்தையும் இருந்தது. முட்டையை இட்டுவிட்டு, இத்தோடு நம் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடும். அடை படுக்கிற புத்தியே கிடையாது. அதனால் அம்மா அந்த முட்டைகளைப் பொறுக்கி, எங்களிடம் இருந்த "கருப்பி" என்கிற சின்ன நாட்டுக்கோழிக்கு அடியில் வைப்பாள். கருப்பியும் தன் முட்டை, பிறத்தியார் முட்டை என்று பார்க்காமல் சோறு தண்ணீர் மறந்து படுத்துக் கிடக்கும். பொரித்த குஞ்சுகள் கொஞ்ச நாளிலேயே அதன் அளவுக்கு வளர்ந்துவிடும். அப்புறமும் மழை வந்தால் கருப்பி இறக்கையை விரித்து அத்தனையையும் உள்ளே அழைக்கும். தலை மட்டும்தான் உள்ளே போகும், உடம்பெல்லாம் வெளியே நனையும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எங்களில் கோழி பார்க்கிற கை என்றால் அது அக்காவுக்குத்தான். என்னைவிட நிறைய மூத்தவள். கூவுகிற சேவலை அப்படியே இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, "இது இன்னும் சதை வைக்கும், இது வைக்காது" என்று சொல்லிவிடுவாள். எதை இனத்துக்கு வைப்பது, எதைக் கறிக்கு விடுவது என்று அம்மாவும் அவளும் கூடிக் கூடிப் பேசுவதைப் பார்த்தால், கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறார்களோ என்று தோன்றும். அவள் கல்யாணத்துக்கு மட்டும் யாரும் அவ்வளவு பேசவில்லை. திருவாரூர்ப் பக்கம், நெல் அறுக்கிற மிஷின் ஓட்டுகிறவர், கெட்ட பழக்கம் இல்லை என்று தரகர் சொன்னார், அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, தலையாட்டினார், முடிந்தது.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, எங்கள் பக்கம் சாராயச் சரக்கு மலிவு என்பது எல்லைக்கு அந்தப் பக்கம் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அத்தானுக்குத் தெரியாதா? சனிக்கிழமை ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவர் ஊரில் அதற்குப் பெயர் "மாமியார் வீட்டு விருந்து". வருகிற வழியில் கடையில் இறங்கி, அதற்குப் பிறகுதான் எங்கள் வாசல். அக்காவை எப்போதாவதுதான் கூட்டி வருவார். வந்தாலும் அவள் கோழிக்கூடு பக்கம் போகமாட்டாள். அடுப்படியில் நின்றபடியே ஏதாவது வாயில் போட்டுக்கொண்டு, அவசர அவசரமாக விழுங்குவாள். வீட்டில் இருந்தவரைக்கும் தொடைக்கறிக்கு என்னோடு மல்லுக்கு நின்றவள் அவள்.

மாப்பிள்ளை வந்தால் கோழி அடிக்க வேண்டும். அதுவும் இருப்பதிலேயே பெரியதை அடிக்க வேண்டும். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டுக்குள் கை விடும்போதே அம்மாவின் முகம் சுண்டிப் போகும். எங்கள் வீட்டில் விதைநெல் மூட்டை ஒன்று எப்போதும் கட்டித் தொங்கும். வீட்டில் அரிசி தீர்ந்து கடன் சோறு தின்ற நாட்களில்கூட அப்பா அதன்மேல் கை வைத்ததில்லை. அம்மா அதைக் காட்டித்தான் கேட்பாள்.

"நெல்லுக்கு ஒரு நியாயம், கோழிக்கு ஒரு நியாயமாங்க? நல்லதையெல்லாம் அடிச்சித் தின்னுட்டு நோஞ்சானை இனத்துக்கு விட்டா, நோஞ்சான்தானே பொறக்கும்?"

"வந்த மாப்பிள்ளைக்கு நோஞ்சான அடிச்சா அந்தக் கோவத்த யாருகிட்ட போயி காட்டுவாரு?" என்பார் அப்பா. கழுத்தை அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, மஞ்சள் பூசி, வைக்கோல் தீயில் அம்மாதான் வாட்டுவாள். தின்றுவிட்டு அத்தான், "கறியில கருவாட்டு வாசம் அடிக்குதே அத்தை" என்று குறையும் சொல்லிவிட்டுப் போவார். அறுக்கப் போகிற கோழிக்குக் கொஞ்ச நாள் முன்னாலேயே கருவாட்டை நிறுத்த வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து குதிக்கிற ஆளுக்கு அம்மா எதை நிறுத்தி வைக்க முடியும்?

அம்மா பயந்தபடியே ஆயிற்று. ஒவ்வொரு ஈட்டுக்கும் குஞ்சுகள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைசியில் ஒரு சேவல்தான் பழைய அளவில் இருந்தது. செம்பு நிறம், கறுப்பு வால்; நடந்தால் தரையில் சத்தம் கேட்கும். நாங்கள் அதைத் "தொரை" என்று கூப்பிட்டோம். அம்மா அதற்கு "விதைச் சேவல்" என்று தானே ஒரு பேர் வைத்தாள். பைக் சத்தம் கேட்டதும் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். நான் ஓடிப்போய்த் தொரையைக் கூடைக்குள் தள்ளி, மேலே சாக்கைப் போட்டு மூடி, வைக்கோல் போருக்குப் பின்னால் வைத்துவிடுவேன். ஒருநாள் அத்தான் இலையில் உட்கார்ந்திருக்கும்போது அந்த மானங்கெட்டது கூடைக்குள்ளிருந்தே கூவித் தொலைத்தது.

"பெரிய சேவல் ஒண்ணு வச்சிருக்கீங்க போலருக்கே?"

"பக்கத்து வீட்டுதுங்க மாப்ளே" என்றாள் அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே.

தொரையின் குஞ்சுகள் பொரித்து வந்தபோது பழையபடி கருப்பியின் இறக்கைக்கு அடங்காமல் வளர்ந்தன. அம்மா சந்தோஷமாக இருந்து நான் கண்ணால் கண்டது அந்த ஒரு பருவம்தான்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். கையில் பை இல்லை. இடது காதில் தோடு இல்லை. தோடு இருந்த இடத்தில் காது கிழிந்து, ரத்தம் கழுத்து வரைக்கும் காய்ந்து கிடந்தது. வீட்டுக்குள் வராமல் நேரே கொல்லைக்குப் போய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். அம்மா மஞ்சளைக் குழைத்துக் காதில் வைக்கும்போதுகூட முனகவில்லை. "நான் போவலம்மா" என்று மட்டும் சொன்னாள். "போவேண்டாம்டி, யாரு போவச் சொன்னா" என்றாள் அம்மா. அடுத்து வந்த நாட்களில் அக்கா மறுபடியும் தவிடு பிசைந்தாள், தொரையைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். ராத்திரி என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தி வீட்டோடு சண்டை என்றால் அங்கே யாரும் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். கை நனைத்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பழையதைக் கிளறக் கூடாது. யார் யாரை அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்பதெல்லாம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போய்விடும். இதைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் பெண்ணைப் பெற்றவராக இருந்திருக்க மாட்டார்.

அத்தான் வந்தார். அன்றைக்குக் குடிக்காமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் வராமல் தெருவிலேயே பைக்கில் சாய்ந்துகொண்டு நின்றார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பெரியப்பா ஓடி வந்து, "ஊட்டு மாப்பிள்ளையத் தெருவுல நிக்க வைக்கிறதாடா? மொதல்ல கை நனைக்கட்டும், அப்புறம் எதா இருந்தாலும் பேசிக்கலாம்" என்று அப்பாவைச் சத்தம் போட்டார். அப்பா போய்க் கையைப் பிடித்துக் கூப்பிட்டார். அவர் அசையவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா கொல்லைப்பக்கம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா கேட்கவில்லை, பெரியப்பாவும் கேட்கவில்லை. அவளாகவேதான் தொரையின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். இத்தனை நாள் சாக்குப் போட்டு மறைத்து வைத்ததைத் தன் கையாலேயே எடுத்தாள். மகளுக்காக இதைவிடப் பெரியதாகக் கொடுக்க அவளிடம் வேறு ஒன்றும் இல்லை.

கூட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, தொரைய அடிக்காதம்மா. வேண்டாம்மா."

"போடி பைத்தியம்" என்றாள் அம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. "ஒன்னவிடவா எனக்குச் சேவல் பெருசு?"

அக்கா சேவலுக்காக அழுகிறாள் என்றுதான் அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்து, எனக்கும் அழுகை வந்துவிட்டது. அது வெந்தால், அதை அவர் தின்றால், தான் கிளம்ப வேண்டும் என்று அக்காவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அவள் பிடித்த கையை விட்டாள். கறி அரிந்தாள், மசாலா அரைத்தாள், இலை போட்டு அவளே பரிமாறினாள். அத்தான் உள்ளே வந்து கை கால் கழுவி உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டார். "இன்னிக்குத்தான் நல்ல கறியா போட்டிருக்கீங்க அத்தை" என்றார். பெரியப்பா வெற்றிலை போட்டுக்கொண்டார். அப்புறம் பேசிக்கலாம் என்றாரே, அந்த அப்புறம் வரவே இல்லை. அத்தானுடைய பைக்கின் பின்னால் அக்கா ஏறி உட்கார்ந்தபோது, ஒரு தூக்கில் மிச்சக் கறியை ஊற்றி அம்மா அவள் மடியில் வைத்தாள்.

ஆடி பிறப்பதற்குள் செய்தி வந்துவிட்டது. வயிற்றுவலி தாங்காமல் அக்கா பூச்சி மருந்தைக் குடித்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கள் ஜில்லாக்களில் பெண்களுக்கு வருகிற வயிற்றுவலி எப்படிப்பட்டது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரியில் துணி சுற்றிக் கொடுத்ததை அங்கேயே எரித்தார்கள். அப்பா மட்டும் போய்விட்டு வந்தார். வந்தவர் அதற்குப் பிறகு பெரியப்பா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அம்மாவோடும் அதிகம் பேசவில்லை.

காரியம் முடிந்த பிறகு கருப்பி மறுபடி அடைக்கு உட்கார்ந்தது. அம்மா யோசிக்காமல் இருந்த முட்டைகளை எடுத்து அதன் அடியில் வைத்தாள். பொரிக்க வேண்டிய நாள் வந்து போயிற்று, அதற்குப் பிறகும் நாட்கள் போயின. மற்ற சேவல்களெல்லாம் முன்பே விருந்துக்குப் போய்விட்டன, தொரையின் குஞ்சுகளுக்கு இன்னும் கூவுகிற வயது வரவில்லை; சேவலே இல்லாத கூட்டில் இட்ட முட்டை எப்படிப் பொரிக்கும்? அத்தனையும் கூமுட்டை. அது எனக்கே தெரிந்தது, அம்மாவுக்குத் தெரியாதா? ஆனாலும் எடுக்கவில்லை. ஒருநாள் முட்டை ஒன்று வெடித்து வீடே நாறியபோது, கூடையோடு தூக்கிக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டிவிட்டு வந்து, மிச்சக் கோழிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்துக் கொடுத்தாள்.

இப்போது எங்கள் பஸ் நிறுத்தத்திலேயே இரண்டு பிராய்லர் கடை இருக்கிறது. கம்பிக் கூண்டுக்குள் நிற்கிற வெள்ளைக் கோழிகளுக்குக் கூவத் தெரிகிறதா என்றுகூட நான் கவனித்ததில்லை. ஆபீஸ் கோழி ரகம் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எங்கள் கொல்லையில் அப்பா போனபிறகு ஒரு கார் ஷெட் போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறோம். அத்தான் என்று நான் கூப்பிட்ட மனிதர் வேறு கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருப்பதாகக் கேள்வி. அந்த மாமியார் வீட்டிலும் சனிக்கிழமைகளில் யாரோ கோழி பிடிக்கிறார்களாக இருக்கும்.

எனக்குக் கல்யாணமாகி முதல்முறை என் வீட்டுக்காரரோடு விருந்துக்கு வந்தபோது அம்மா வெண்டைக்காய் சாம்பாரும் அப்பளமும் போட்டாள். கூட வந்த என் மாமியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "மாப்பிள்ளைக்கு ஒரு கோழிகூட இல்லீங்களா?" என்று கேட்டும்விட்டார். அம்மா அவருக்கும் இன்னொரு அப்பளம் வைத்தாள். நாங்கள் கிளம்புகிற நேரம், என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, என் இடது காதைத் தொட்டுக்கொண்டு சொன்னாள்.

"ஒனக்கு அங்க ஒண்ணுன்னா கெளம்பி வந்துடு. எவன் வந்து தெருவுல நின்னாலும் நிக்கட்டும். இந்த வூட்டுல அவனுக்குன்னு அடுப்பு எரியாது."