அணியத்தில் வைக்காத மண்

1. இருந்தவர்களும் இல்லாதவரும்

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள் மூன்று பேர். முதலாளி மரியதாஸ் அண்ணை, அவரிடம் வேலை செய்யும் நான், கையில் ஒரு ஜாம் போத்தலோடு வந்து நின்ற லூர்தம்மா அக்கா. இல்லாதவர் லூர்தம்மா அக்காவின் புருசன் சந்தியோகு அண்ணை. நாங்கள் திருத்திக்கொண்டிருந்த படகு அவருடையது. தன் படகு பட்டறையில் கிடந்ததால் அவர் வேறொருவரின் படகில் தொழிலுக்குப் போயிருந்தார்.

எங்களுடையது பேசாலை என்ற கடற்கரை ஊரில் ஃபைபர் படகு திருத்தும் பட்டறை. நான் அங்கே ஆறு வருசமாக நிற்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை முடித்து, தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருசம் படித்துச் சான்றிதழோடு வந்தவன். அந்தப் பெருமை அப்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

சந்தியோகு அண்ணையின் படகு மணல்திட்டில் ஏறி, அணியம், அதாவது படகின் மூக்கு, இரண்டு சாண் நீளத்துக்குப் பிளந்திருந்தது. இந்த வேலை இப்படித்தான்: மட் என்று சொல்லும் கண்ணாடி நார்த் துணியை வைத்து, ரெசின் பசையை அதில் ஊறவிட்டு, ரோலரால் காற்றை வெளியே தள்ளி, மேலே அடுத்த மட்டை வைக்க வேண்டும். ரெசினில் ஹாட்னரைக் கலந்துவிட்டால் இருபது நிமிடத்தில் இறுகிவிடும். அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய ஏலாது.

நான் ஹாட்னரைக் கலந்து முடித்த நேரம் பார்த்து லூர்தம்மா அக்கா போத்தலை நீட்டினா.

“தம்பி யூட், இது மடு மாதா கோயில் மண். ஆவணித் திருநாளுக்கு நடந்து போய் எடுத்துக்கொண்டு வந்தனான். கடைசி மட் ஒட்ட முதல் உள்ளுக்க போட்டு ஒட்டு.”

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. சிலர் ஒரு சிட்டிகை மண்ணைத் தாளில் மடித்து முன்பலகைக்குக் கீழே வைப்பார்கள். அதனால் படகுக்குத் தீங்கு இல்லை. ஆனால் அக்கா கொண்டுவந்தது முழுப் போத்தல். அதையும் மட்டுக்கு நடுவில் வைக்கச் சொன்னா.

மரியதாஸ் அண்ணை என் காதுக்குள், “இதை உள்ளுக்க போட்டா ஃபைபர் இல்லையடா, கொங்கிறீட்” என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “ஓம் ஓம், யூட் எல்லாம் வடிவாச் செய்வான். நீங்கள் பயப்படாதேங்கோ” என்று சொல்லிவிட்டு, மணி அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மண் நடுவில் கிடந்தால் இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று பிடிக்காது. இரண்டு மாதத்தில் தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு நடுக்கடலில் மூக்கு வாயைத் திறக்கும். இதைச் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. “வைச்சிட்டுப் போங்கோ அக்கா” என்றேன். அவ வாசல் படலையைத் தாண்டியதும் போத்தலைப் பின்பக்கத்து முருங்கைக்குக் கீழே கவிழ்த்துவிட்டு வந்து மூன்றாவது, கடைசி மட்டை ஒட்டினேன். நல்ல வேலை. இன்றைக்கும் அந்த ஒட்டில் குறை சொல்ல ஏலாது.

பின்னேரம் அக்கா திரும்ப வந்தா.

“வைச்சனியா?”

“ஓம் அக்கா.”

“முழுசையும்?”

“முழுசையும்.”

“ஆண்டவர் அறிய?”

அந்த இடத்திலாவது நின்றிருக்கலாம்.

“ஆண்டவர் அறிய, அக்கா.”

அவ நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனா. நான் கையைக் கழுவினேன். ரெசின் கையில் ஒட்டினால் லேசில் போகாது.

2. வைக்காமல் வை

பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் நல்லதுதான், அதுதான் கரைச்சல். சந்தியோகு அண்ணைக்கு மீன் நன்றாகப் பட்டது. அவரும் கரையில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம், “என்ர போட் மூக்கில மடு மண் கிடக்கு. மரியதாஸின்ர பட்டறையில அந்தப் படிச்ச பெடியன் வைச்சு ஒட்டினவன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பதினோராம் நாள் பட்டறைக்கு இரண்டு படகுக்காரர் வந்தார்கள். ஒருவர் கையில் பால் பவுடர் வருகிற பால்மா ரின். மற்றவர் கையில் நாலு மூலையும் முடிச்சுப் போட்ட கைலேஞ்சித் துணி. இரண்டிலும் மண்.

“சந்தியோகுவின்ர போட்டுக்குச் செய்த மாதிரியே எங்களுக்கும் செய்யோணும்” என்றார்கள்.

மரியதாஸ் அண்ணையின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேணும். அவர்கள் போனதும், “யூட், மண் வேலைக்கு இனித் தனி ரேட் போடுவமே?” என்றார்.

“அண்ணை, நான் அண்டைக்கு மண் வைக்கேல்லை.”

“அது எனக்குத் தெரியும். நீ படிச்ச பிள்ளை, அந்த விசர் வேலையைச் செய்வியே? அண்டைக்கு வைக்காமல் வைச்ச மாதிரி இவைக்கும் வைக்காமல் வை.”

“ஆண்டவர் அறிய எண்டு சத்தியம் கேப்பினம் அண்ணை.”

“ரேட்டோட சத்தியமும் சேர்த்திதான்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் சிரிப்பு நின்றது. ஒரு தரம் சொன்ன பொய் இப்போது என் வேலையில் ஒரு பகுதியாகப் போகிறது. திங்கட்கிழமை இரண்டு பேருக்கும் வேலை தொடங்க வேணும். இரண்டு தரம் ஆண்டவரை இழுக்க வேணும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வாயைத் திறக்க வேணும். திறந்தால் பட்டறையின் பெயர் போகும், வேலையும் போகலாம்.

3. கேரண்டிக் கடிதம்

எங்கள் பட்டறையில் ஆறு மாதக் கேரண்டி கொடுப்பார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்தவன் நான். கடிதத்தின் முன்பக்கம் நாலு வரி, பின்பக்கம் எட்டு நிபந்தனை. பாறையில் மோதினால் கேரண்டி இல்லை. வேறு ஆளிடம் கொடுத்துத் திருத்தினால் இல்லை. எஞ்சினின் பாரம் கூடினால் இல்லை. ஒரு நிபந்தனையை மீறினாலும் நாங்கள் பொறுப்பில்லை.

உண்மையைச் சொன்னால், கடவுளோடு உள்ள உடன்படிக்கையையும் நான் அப்படித்தான் விளங்கி வைத்திருந்தேன். பூசை, தபசுகால ஒறுத்தல், பொய் சொல்லாமை என்று என் பக்கத்து நிபந்தனைகள். மீறினால் அவர் பொறுப்பில்லை. உறுதிபூசுதல் வகுப்பில் மனப்பாடம் செய்து முழு மார்க்கும் வாங்கினவன் நான்.

அந்த ஞாயிறு பூசையில் குருவானவர் கிண்ணத்தை உயர்த்திக் கிறிஸ்துவின் இரத்தத்தில் செய்த உடன்படிக்கையைச் சொன்னபோது, ஆயிரம் தரம் கேட்ட சொல் அன்றைக்குப் புதிதாக விழுந்தது. ஆண்டவர் தன் கடைசி இராவுணவில் அதை எந்தச் சீடர்களோடு செய்தார்? ஒருவன் அன்று இரவே அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன். ஒருவன் விடிய முதல் “அந்த ஆளை எனக்குத் தெரியாது” என்று சத்தியம் பண்ணப் போகிறவன். மற்றவர்கள் ஓடப் போகிறவர்கள். அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே தன் இரத்தத்தை ஊற்றிச் செய்தார். மீறப்போகிறவன் என்று தெரிந்த ஆளுக்குக் கேரண்டி கொடுத்தால் எங்கள் பட்டறையை ஒரு மாதத்தில் பூட்ட வேண்டியதுதான். அவர் பூட்டவில்லை.

இது ஆறுதலான யோசனை என்று நினைப்பீர்கள். எனக்கு அன்றைக்கு இன்னும் கரைச்சலாகத்தான் இருந்தது. அவர் என்னைக் கைவிட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். விடாதவரின் பெயரைச் சொல்லித்தான் நான் பொய் சொல்லியிருந்தேன்.

எல்லோரும் நற்கருணை வாங்க எழும்பிப் போனார்கள். நான் எழும்பாமல் இருந்த வாங்கிலேயே இருந்துவிட்டேன். பேசாலையில் இது சின்ன விசயம் இல்லை. என்னைத் தாண்டிப் போன மரியதாஸ் அண்ணை குனிந்து, “என்னடா, அவ்வளவு பெரிய பாவமோ? எனக்கும் சொல்லன், கேப்பம்” என்றார்.

“உங்களுக்கும் அதில பங்கு கிடக்கு அண்ணை” என்றேன். அவர் வரிசையில் போய் நின்றுகொண்டு என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

4. பாணும் ஜாமும்

பூசை முடிந்ததும் நேரே சந்தியோகு அண்ணை வீட்டுக்குப் போனேன். ஞாயிறு என்றபடியால் தொழில் இல்லை. அவர் பெனியனோடு கதிரையில் இருந்தார். லூர்தம்மா அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தா.

“வா தம்பி, இரு” என்றா.

இருந்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும். நின்றுகொண்டே சொன்னேன். “அக்கா, அண்டைக்கு மண் வைக்கேல்லை. ஆண்டவர் அறிய எண்டு சொன்னது பொய்.”

சந்தியோகு அண்ணை தலையில் கை வைத்தார். “அட பாவி, நான் கரையில ஊர் முழுக்கச் சொல்லிப் போட்டனேடா!”

அக்கா அகப்பையோடு வந்தா. “மண் எங்க?”

“பட்டறைக்குப் பின்னால, முருங்கைக்குக் கீழ.”

“முருங்கைக்கோ?”

“ஓம்.”

“ஏன் வைக்கேல்லை?”

மட், ரெசின், நடுவில் மண், தண்ணீர் இறங்குவது எல்லாவற்றையும் சொன்னேன். அவ பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினா.

“ரெண்டு பாண் துண்டுக்கு நடுவில மண்ணைக் கொட்டினா ஜாம் ஒட்டாது. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான் அக்கா.”

“இதைச் சொல்ல உனக்கு அரை நிமிசமும் எடுக்கேல்லை. அண்டைக்கு ஏன் சொல்லேல்லை?”

ரெசின் இறுகப்போகுது, நேரம் இல்லை என்று சொல்லலாம். அது இன்னொரு பொய்.

“உங்களுக்கு விளங்காதெண்டு நினைச்சன் அக்கா.”

சந்தியோகு அண்ணை நிலத்தைப் பார்த்தார். நான் மண்ணை வைக்காதது அவவுக்குச் சுடவில்லை. இதுதான் சுட்டது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது, அவவின் மனம் நோகக் கூடாது என்றுதான் பொய் சொன்னதாக நினைத்து, இரக்கம் என்று நான் பெயர் வைத்திருந்தது இரக்கமே இல்லை.

“எனக்கு எழுத்துத்தான் தெரியாது” என்றா அக்கா. “இவர் எந்த மீனுக்குப் போறாரோ அதுக்கேத்த கண்ணளவில வலை முடியிறது நான். நீ ஒண்டு முடிஞ்சு காட்டு பாப்பம்.”

“இல்லையக்கா… பொய் சொன்ன பிறகு, மண் கிடக்குதெண்டு நம்பி அண்ணை பெருங்காத்துக்குள்ள போயிடுவார் எண்டும் பயந்தனான்.”

“டேய்” என்றார் சந்தியோகு அண்ணை, “நான் காத்தைப் பாத்துத்தான் போறனான். மண்ணைப் பாத்து ஆர் போறது?”

“அப்ப மண் ஏன்?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அக்கா கழுத்திலிருந்த தாலியைத் தூக்கிக் காட்டினா. “இது ஏன்? இதைக் கழட்டி வைச்சா இவர் என்ர மனுசன் இல்லையெண்டு ஆகுமோ? ஆகாது. அதுக்காக ஒருத்தன் இதைக் களவா எடுத்து முருங்கைக்கு உரமாப் போட்டிட்டு, ‘உங்கட கழுத்திலதான் கிடக்கு அக்கா’ எண்டு சொன்னா நான் பாத்துக்கொண்டிருப்பனோ?”

சந்தியோகு அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிக்கவும் பயம், சிரிக்காமல் இருக்கவும் ஏலவில்லை.

“ஆண்டவர் பேரைச் சொல்லிப் பொய் சொன்னதுதான் அக்கா பெரிய பாரமாக் கிடக்கு. இனி என்னை ஏத்துக்கொள்ளுவாரோ தெரியேல்லை.”

“அவர் உன்னை விட்டிருந்தா, சோத்து நேரத்தில என்ர அடுப்படியில வந்து நிண்டு ஏன் முழிக்கிறாய்? நீதான் அவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டனி. அவர் வந்திட்டார். போய்ச் சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய். அதுக்கு முதல் இரு, சாப்பிடு.”

கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை. அந்தக் கோபத்தோடேயே சோறு போட்டா. பெரிய மீன் துண்டு எனக்குத்தான் விழுந்தது.

நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவவே கேட்டா: “ஒரு சின்னத் தண்ணிப் பைப்புத் துண்டில மண்ணைப் போட்டு, ரெண்டு பக்கமும் மூடி, முன்பலகைக்குக் கீழ வைச்சு ஒட்டினா உன்ர ஜாம் ஒட்டுமோ?”

யோசித்துப் பார்த்தேன். ஒட்டும். அணியத்துக்கு ஒரு பழுதும் வராது. இரண்டு வருசம் படித்த எனக்கு அது தோன்றவில்லை.

“அப்ப செவ்வாய்க்கிழமை மண்ணெடுக்க மடுவுக்குப் போவம். நானும் வாறன். உன்னைத் தனிய அனுப்ப ஏலாது. இந்த முறை போத்திலை நான்தான் பிடிப்பன்.”

5. பைப்

பின்னேரம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அது சுலபமாக முடிந்தது. மரியதாஸ் அண்ணைதான் சுலபமாக முடியவில்லை. “என்ர வயித்தில அடிச்சுப் போட்டாய்” என்று ஒரு மணித்தியாலம் ஏசினார். “நாளைக்கு வாற ரெண்டு பேருக்கும் என்ன சொல்லுறது?”

“உள்ளதைச் சொல்லுவம் அண்ணை. மட்டுக்கு நடுவில வைக்கக் கூடாது, பைப்பில வைக்கலாம் எண்டு சொல்லுவம். தனி ரேட் வேண்டாம்.”

“நீயே சொல்லு. நான் போனோட வெளியில போறன்.”

சொன்னேன். பால்மா ரின்காரர் யோசித்துவிட்டு, “அதுவும் நல்லதுதான்” என்றார். கைலேஞ்சிக்காரர் கோபித்துக்கொண்டு படகை வேறு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மண்ணை நடுவில் வைத்தார்களோ, வைக்காமல் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. அவர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை. அதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

சந்தியோகு அண்ணையின் படகைத் திரும்ப இழுத்து வந்து, முன்பலகையை வெட்டி, லூர்தம்மா அக்கா பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்கப் பைப்பை ஒட்டினேன். அவ ரோலரையும் வாங்கி இரண்டு தரம் உருட்டினா. “இப்ப ஆண்டவர் அறிய எண்டு சொல்லட்டோ?” என்று கேட்டேன். “வேண்டாம், என்ர கண் அறிய எண்டு சொல்லு, போதும்” என்றா.

தம்பிமாருக்கு நான் சொல்ல வந்தது இதுதான். செய்யக் கூடாத வேலையை ஒருவர் கேட்டால் ஹாட்னர் கலக்க முதலே சொல்லிவிடுங்கள். அவருக்கு விளங்காது என்று நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். உடன்படிக்கையில் இருக்கிறோம் என்றால், நாங்கள் உடைத்தாலும் அதை உடைக்காத ஒருவரோடு இருக்கிறோம். அவர் விடமாட்டார் என்பது பொய் சொல்ல லைசன்ஸ் இல்லை. பொய்யைச் சொல்லிவிட்ட பிறகும் திரும்பிப் போய் வாசலில் நிற்கலாம் என்கிற துணிவுதான் அது.

பைப், மூடி, மட், ரெசின், படகு இழுத்த உழவு இயந்திரம், இரண்டு பேர் மடுவுக்குப் போய்வந்த பஸ் காசு, சந்தியோகு அண்ணை கடலுக்குப் போகாத மூன்று நாள் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டினால், அந்த ஒரு “ஓம் அக்கா”வுக்காகப் பட்டறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் போனது முப்பத்து நாலாயிரத்து அறுநூற்றைம்பது ரூபா.