குழாயடியில் முதல் குடம்

அப்பா லாரி விபத்தில் போனபோது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை கிடைத்தது. காலையில் தாமதமாக வந்தால் அப்படியே நின்றுகொள்ளலாம் என்று பட்டறைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார். அம்மாபேட்டையில் எங்கள் சந்துக்கு ஒரே பொதுக்குழாய். தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருந்தால் வேலை போகும். வேலைக்குப் போனால் வீட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

எங்கள் குழாயடி சண்டைக்குப் பேர்போனது. பக்கத்தில் ஆள் இல்லாத குடத்தை ஓரமாக உருட்டிவிடுவார்கள். ஆனால் அம்மா வேலைக்குப் போன வாரமே எங்கள் பச்சைக் குடம் வரிசையில் முதலாவதாக நின்றது. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. எதிர்வீட்டு பாயம்மா எங்கள் வீட்டுச் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத பெண்கள்கூட மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். பள்ளிவிட்டு வந்தால் டிரம் நிறைந்திருக்கும். வாசலருகே ஒரு சொம்பில் குடிதண்ணீர் மூடி வைத்திருக்கும். அம்மாவின் வேலை நிலைத்தது, நான் கல்லூரி முடித்தேன். அதுவரை ஒரு முறைகூட அது தவறவில்லை. எப்படி முடிந்தது இவர்களால் என்று இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

போன மாதம் அஸ்தம்பட்டியில் வீடு பிடித்து அம்மாவை அழைத்து வந்தேன். திறந்தால் தண்ணீர் கொட்டும் வீடு. ஒரு நாள் காலை, குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாகப் பழைய சந்திலிருந்து போன் வந்ததும் அம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! வண்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

சந்தில் அம்மா ஒரு சிவப்புக் குடத்தை இடுப்பில் வைத்து மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தாள். வாழப்பாடிப் பக்கமிருந்து பிள்ளையோடு தனியாகக் குடிவந்து, ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண்ணுடைய குடம் அது.

“இந்த வயசுல உனக்கெதுக்கும்மா இது? வேற ஆளே இல்லியா?”

“இருக்காங்க சாமி. இன்னிக்கு என் மொறை.”

“நின்னு கத்தாம ஒரு கொடத்தத் தூக்கு கண்ணு,” என்றார் பாயம்மா.

தூக்கினேன். பாதி என் சுடிதாரில் கொட்டியது. சந்தே சிரித்தது. அம்மா சாவியை எடுத்து அந்தப் பெண்ணின் வீட்டைத் திறந்தாள். டிரம்மை நிரப்பிவிட்டு, ஒரு சொம்பில் மொண்டு மூடி வாசலருகே வைத்தாள்.

“புள்ளைக்கு டிரம்மு எட்டாதுல்ல.”

“எனக்கும் இப்படித்தானேம்மா வெப்ப?”

“நா எங்க வெச்சேன்? விடிஞ்சா பட்டறைக்கு ஓடுனவ. எல்லாம் பாயம்மாதான்.”

வெளியே பாயம்மா அடுத்த குடத்தைக் குழாயடியில் வைத்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷமும் அந்தத் தண்ணீரை அம்மா வைத்தது என்று நினைத்துத்தான் குடித்திருக்கிறேன்.