அத்தான் உள்நுழைந்த நாள்

கைப்பேசித் திரையில் ஒரு பச்சை வட்டம், அதற்குள் என் அத்தானின் முகம். "அசையாமல் இருங்கள்" என்று ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் மிகவும் கனிவாகச் சொன்னது. அத்தானால் அசையாமல் இருக்க முடியாது. சில ஆண்டுகளாகவே அவருடைய தலை இடமும் வலமுமாக மெல்ல ஆடிக்கொண்டே இருந்தது, யாரோ விடாமல் எதையோ கேட்க இவர் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பதைப் போல. வட்டம் சிவப்பாக மாறியது. "மீண்டும் முயலுங்கள்" என்றது குரல். அத்தான் மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை இறுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். இறுக்க இறுக்க ஆட்டம் கூடியதே தவிர குறையவில்லை.

அவர் என் அக்காவின் கணவர். மலேசியாவில் பெடாஸ் ஊருக்கு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், வெட்டிய குலைகளை எண்ணெய் ஆலைக்குக் கொண்டுபோகும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவர். மழை பெய்து சேறாகிக் கிடக்கும் மண் பாதையில், இரண்டு பக்கமும் மரங்கள் நெருக்க, பாரத்தோடு லாரியைப் பின்னுக்கு எடுப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு கை ஸ்டீரிங்கில் இருக்கும், இன்னொரு கை சன்னலுக்கு வெளியே தொங்கும், பேச்சும் நிற்காது. முதலில் கால்தான் கிளட்சைத் தேட ஆரம்பித்தது. பிறகு சட்டைப் பொத்தான் விரலுக்கு அகப்படவில்லை. அதற்கும் பிறகு பேச்சு குழறியது. யாரும் சொல்வதற்கு முன்பே லாரிச் சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். அவருடைய அப்பாவும் இப்படித்தான் தள்ளாடினாராம். புல் வெட்டும் கும்பலில் இருந்த அந்த மனிதரைக் கள்ளுக் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறான் என்று மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வரிசைக்கு முன்னால் நிறுத்தி ஏசுவாராம். "அப்பா வாயில கள்ளு பட்டதே இல்ல மச்சான்" என்று அத்தான் என்னிடம் சொல்லியிருக்கிறார். தன் நோயைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவருடைய பேச்சு அப்பாவிடம்தான் போய் நிற்கும்.

நடக்க முடிந்த காலத்தில் அவர் ஓர் ஆய்வுக்கு இரத்தம் கொடுத்திருந்தார். அவருடைய மரபணு முழுவதையும் படித்து, வெளிநாட்டில் எங்கோ ஒரு தரவு மையத்தில் வைத்திருந்தார்கள். ஆய்வு முடிந்தது, அந்த டாக்டரும் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். சிறுமூளையில் ஏதோ தேய்கிறது, பரம்பரையாக வருவதுபோல் இருக்கிறது என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு கோலாலம்பூரில் ஒரு புது டாக்டர் நம்பிக்கையாகப் பேசினார். இப்படிப்பட்ட குடும்பங்களின் தரவுகளை இன்னொரு குழு புதிதாக ஆராய்கிறது என்றும், அத்தானின் கோப்பை அவர்களோடு பகிர்ந்தால் நோயின் பெயராவது கிடைக்கலாம் என்றும் சொன்னார். ஆனால் கோப்பின் உரிமை நோயாளிக்குத்தான். அவருடைய கணக்கிலிருந்து அவரேதான் பகிர வேண்டும். அக்காவின் மகளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தெமியாங்கில் அறை எடுத்துத் தங்கி சிரம்பானில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கு வருமா வராதான்னு தெரியணும் மாமா. கட்டிக்கப் போறவருக்கும் தெரியணும்லா" என்றாள். கோப்பைப் பகிர்ந்து தரச் சொன்னாள். அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

நான் மந்தின் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். அதனால் எல்லாரும் என்னை நம்பினார்கள், நானும் நம்பினேன். அவ்வளவு பெரிய கோப்பை இணையப் பக்கத்தில் அழுத்திப் பகிர முடியாது. அதற்கென்று ஒரு கருவி இருந்தது. படமும் பொத்தானும் இல்லாமல், கருப்புத் திரையில் கட்டளைகளை எழுத்தாகத் தட்டி இயக்கும் வகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். தோட்டத்து வீடுகளுக்கு இன்னும் கம்பி இணையம் வரவில்லை. கைப்பேசியைச் சன்னல் கம்பியில் செருகி வைத்தால்தான் சிக்னல் கோடு இரண்டாவது ஏறும். கருவிக்கு வேண்டிய பைத்தான் என்ற நிரல்மொழி என் கணினியில் பழையது, புதியதை இறக்கினேன். நிறுவி முடித்துப் பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. எந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பிடித்து, கணினிக்கு வழி காட்டிக் கொடுத்தேன். கடைசியில் கருவியின் பெயரும் பதிப்பு எண்ணும் திரையில் வந்தன. அக்கா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வந்திருச்சா தம்பி?"

"வந்திருச்சுக்கா. இனிமே லாகின் மட்டுந்தான்."

அந்த 'மட்டும்' என்ற சொல் இப்போதும் என் காதில் கேட்கிறது. உள்நுழையும் கட்டளையைத் தட்டியதும் ஓர் இணையப் பக்கம் திறந்தது. அத்தானின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் மகளுக்குத் தெரியும், அவற்றை ஏற்றுக்கொண்டது. ஆனால் நெடுநாளாகப் பயன்படுத்தாத கணக்கு என்பதால், இவர் இவர்தானா என்று கைப்பேசியில் முகத்தைக் காட்டி உறுதி செய்யச் சொன்னது. அங்கேதான் அந்தப் பச்சை வட்டம் வந்தது.

எல்லாவற்றையும் செய்து பார்த்தோம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலைக்குப் பின்னால் தலையணை வைத்தோம். மருந்து சாப்பிட்டுக் கொஞ்சம் தளர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்தோம். நான் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆட்டத்தின் பலம் என் உள்ளங்கைகளில் தெரிந்தது. உள்ளே ஏதோ ஒன்று என் கையைத் தள்ளிவிட்டுப் போகப் பார்த்தது. ஒரு கணம் தலை நின்றது. "படத்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறார்கள்" என்றது குரல். அதற்குப் பிறகு கணக்கையே பூட்டிவிட்டது, நாளைக்கு வரச் சொல்லி. அத்தான் சிரித்தார். அவருடைய சிரிப்பு மட்டும் கடைசி வரைக்கும் கெடவில்லை.

"மெஷினு... சரியாத்தான்... சொல்லுது. நான்... ஆடுறேன்ல."

மகள் எழுந்து வெளியே போய், துணி காயும் கொடிக்குக் கீழே முதுகைக் காட்டி நின்றாள்.

அடுத்தடுத்த வாரங்களில் அந்த மையத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தேன். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் அமருங்கள், கண்ணாடியைக் கழற்றுங்கள் என்று பதில் வந்தது. அவருக்கு நோய் இருக்கிறது, அந்த நோயின் காரணத்தைத் தேடத்தான் இந்தக் கோப்பையே கேட்கிறோம், அந்த நோய்தான் உள்ளே போக விடாமல் தடுக்கிறது என்று ஆங்கிலத்தில் விளக்கி எழுதினேன். திரும்பவும் வெளிச்சத்தைப் பற்றியே பதில் வந்தது. தொழிற்சாலையில் எந்தக் கணினி கெட்டாலும் குறை எங்கே என்று என்னால் கண்டுபிடிக்க முடியும். இங்கே குறையே இல்லை. கருவி ஒழுங்காக வேலை செய்தது, விதியும் நியாயமான விதி. வேறு யாரோ அவருடைய மரபணுவை எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்குத்தான் அந்தப் பூட்டு. யாரைக் கோபித்துக்கொள்வது என்றே தெரியாமல் மந்தினுக்கும் பெடாஸுக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தேன். போகும் ஒவ்வொரு முறையும் அத்தானின் பேச்சு முன்பைவிட ஒரு படி இறங்கியிருந்தது.

ஒரு நாள் மையத்திலிருந்து ஒரு பெண், தன் பெயரைப் போட்டு, பதில் எழுதினார். காணொளியில் தாமே அவரைப் பார்த்துப் பேசி உறுதி செய்யலாம் என்றார். குறித்த நாளில் அக்கா அத்தானுக்குக் கோயிலுக்குப் போகும் சட்டையைப் போட்டுவிட்டாள். திரையில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் வந்தார். அடையாள அட்டையைக் காட்டச் சொன்னார். பிறகு நிதானமாக, உங்கள் தரவை அந்தக் குழுவோடு பகிர உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அத்தானின் வாய் திறந்தது, சொல் வரவில்லை. அக்கா பொறுக்காமல் "யெஸ், யெஸ்" என்றாள். "அவரே சொல்லட்டும், நான் காத்திருக்கிறேன்" என்றார் அந்தப் பெண். அப்படியே காத்திருந்தார். வெளியே பள்ளிப் பேருந்து வந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. அத்தானின் கழுத்து நரம்புகள் புடைத்தன, தலை இல்லை இல்லை என்று ஆடியது, அந்த ஆட்டத்துக்கு நடுவிலிருந்து "யெஸ்" என்று ஒரு சொல் வெளியே வந்தது.

அன்று சாயங்காலமே கணக்குத் திறந்தது. உள்நுழையும் கட்டளையை அத்தான் கையாலேயே முடிக்கட்டும் என்று, அவர் விரலைப் பிடித்து என்டர் பொத்தானில் வைத்தேன். அத்தானின் பெயரைப் போட்டு வரவேற்று ஒரு வரி வந்தது. பகிரும் கட்டளையும் தடையில்லாமல் போயிற்று. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள், கருப்புத் திரையைப் பார்த்து.

மாதங்கள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். தெரிந்த காரணங்கள் எதுவும் அத்தானின் மரபணுவில் இல்லை என்றார். அதற்காக நோய் பரம்பரையில் இல்லை என்றும் சொல்ல முடியாது. இன்னும் யாருக்கும் தெரியாத ஏதோ ஒன்றாக இருக்கலாம். மகளுக்குச் சோதனை செய்வதென்றால் எதைத் தேடுவது என்றே தெரியாது. இதை அத்தானிடம் நான்தான் சொன்னேன். கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தனி வேலையாகிவிட்டது.

"இன்னும்... தேடு... வாங்களா?"

"தேடுவாங்க அத்தான்" என்றேன். எனக்குத் தெரியாது. டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

சாப்பாடு மூச்சுக் குழாய்க்குள் போய், அது நிமோனியாவாகி அவர் போய்ச் சேர்ந்தார். மகளைக் கட்டிக்கொள்ள இருந்தவர் எல்லாம் தெரிந்துதான் தாலி கட்டினார். போன மாதம் அவர்களுடைய பையன் நடக்க ஆரம்பித்திருக்கிறான். அக்கா வீட்டுக் கூடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கையை விட்டான். கால்களை அகல வைத்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து எங்களை நோக்கி வந்தான். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் நடக்கும். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவள் மகளைப் பார்த்தேன். மூன்று பேருமே கைகளை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தோம்.