ஃபோர்ட்நைட் என்றால் எத்தனை இரவு?

போன சனிக்கிழமை சூமின் என்னைக் கத்த வைத்துவிட்டாள் – அதுவும் லண்டன் ஹரோ நூலகத்துக்குள்!

சூமின் கொரியாவிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளை. புதிதாக வந்தவர்களுக்கு நான் அங்கே ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். பென்ஷன் எடுத்த மனிசனுக்கு வேறென்ன வேலை?

அவள் கையில் ஒரு கடிதம். அவளுடைய மகளின் விசா முடிவு ஒரு ‘ஃபோர்ட்நைட்’டுக்குள் வருமாம்.

“போர்நைட்... நாலு இரவுதானே, டீச்சர்?” நாலு விரலைக் காட்டினாள். ஊரில் இருக்கும் ஆறு வயது மகளிடம் சொல்ல போனையும் எடுத்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“ஐயோ, பொறு பிள்ளை!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன்.

ஏனென்றால்... நானும் அதே குழியில் விழுந்தவன். ‘எஃப்’ அவர்களுக்கும் வராது, எங்களுக்கும் வராது. நாலைச் சொல்லும் ‘ஃபோர்’ ஆனாலும் ‘ஃபோர்ட்’ ஆனாலும் இரண்டு பேருக்கும் ‘போர்’தான்!

நான் லண்டன் வந்த புதிதில், வெம்பிளியில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்த காலம். மனைவி சாந்தி கொழும்பில், ஒரு லொட்ஜில். அவளுடைய விசா ஒரு ஃபோர்ட்நைட்டில் வரும் என்றார் லோயர். டெலிபோன் பெட்டிக்கு ஓடினேன். “நாலு இரவுதான் சாந்தி, பயணத்துக்கு வெளிக்கிடும்!”

அவளும் நம்பி, அடுப்பையும் பாயையும் பக்கத்து அறைக்குக் கொடுத்துவிட்டாள். விசா வந்தது பதினாலாவது நாள். நடுவில் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது... ஆனால் வெட்கத்தில் போன் எடுத்து அவளிடம் சொல்லவில்லை. மிச்சப் பத்து இரவும் அவளுக்கு வெறும் தரையும் கடைப் பாண் ரொட்டியும்தான். கலியாண வீடு, பிறந்தநாள் எங்கே போனாலும் இந்தக் கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பேன்.

சூமினுக்கு விளக்கினேன். அந்தக் காலத்து ஆங்கிலேயர் நாட்களை இரவால் எண்ணினார்கள். ‘ஃபோர்ட்டீன் நைட்ஸ்’ வாயில் தேய்ந்து தேய்ந்து ஃபோர்ட்நைட் ஆனது. அவள் முகம் வாடிப்போயிற்று. போனைப் பைக்குள் வைத்தாள்.

“ஏன் டீச்சர், பகலை எண்ணவில்லை?”

வீட்டுக்கு வந்து சூமின் கதையைச் சொல்லி, அதே கேள்வியைச் சாந்தியிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

“பகல் தன்ரபாட்டில போயிடுமப்பா. இரவைத்தானே எண்ண வேணும். முதல் நாலையும் சந்தோசமா எண்ணினன். பிறகு... நீங்கள் என்னைக் கைவிட்டிட்டியள் எண்டு எண்ணினன்.”

இத்தனை வருஷமாக அந்தப் பத்து இரவும் எப்படிப் போனது என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை.

“அந்தப் பிள்ளையைத் தனிய விடாதேங்கோ. இரவில சாப்பிட வரச் சொல்லுங்கோ” என்றாள்.

என் பகிடிக் கதையை இனி எங்கும் சொல்வதாக இல்லை – உங்களுக்குச் சொன்னதுதான் கடைசி.