மேகம் வைத்த படம்

பொன்னழகு வீட்டுச் சுவரில் மகள் மஹாலட்சுமி மேகத்துக்கு நடுவில் சிரித்துக்கொண்டிருக்கிறாள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. டெங்குக் காய்ச்சலில் அவள் போன அன்று, கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் காரைக்குடி பிளக்ஸ் கடைக்காரர் நல்ல படமாக ஒன்று கேட்டார். கல்லூரிச் சுற்றுலாவில் கேரளத்து வர்க்கலையில் எடுத்ததுதான் செல்போனில் இருந்தது. பின்னாலிருந்த கடலையும் காலடியிலிருந்த புல்லையும் வெட்டிவிட்டு, நீல வானமும் மேகமும் வைத்துக் கொடுத்தார். அதையே சட்டம் போட்டு மாட்டினார்கள்.

சாக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவள் பொன்னழகு. வீட்டுக்கு வந்தாலும் வேலை ஓயாது. சுற்றுலா முடிந்து வந்த மகள் பின்னாலேயே சுற்றிச் சுற்றி வந்து சொன்னாள்.

"செக்கச்செவேல்னு மண்ணு மலை மாதிரி நிக்குதும்மா. நுனியில நின்னா நேரா கீழ கடலு. நீயெல்லாம் வந்தா மயங்கி விழுந்துருவ."

பொன்னழகு பாத்திரம் துலக்கிக்கொண்டே "ம்" கொட்டினாள். அப்புறம் சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

இப்போது அவளுக்கு இருப்பது ஒரே ஆசை. மகள் நின்ற இடத்தில் நின்று, மகள் பார்த்ததைப் பார்க்க வேண்டும். வேன் ஓட்டும் தம்பி சோணை, கன்னியாகுமரிச் சவாரியில் அவளையும் ஏற்றிக்கொண்டான். வந்தவர்களிடம் கெஞ்சி வண்டியை வர்க்கலைக்கும் விட்டான்.

அந்த மண்மலையின் உச்சியில் நடைபாதை நெடுகக் கடைகள். செல்பி எடுக்கிறவர்களை விலக்கிக்கொண்டு, செல்போனில் வெட்டாமல் இருந்த படத்தைக் கையில் பிடித்தபடி பொன்னழகு நடந்தாள். மகளுக்கு ஒரு பக்கம் நீலக் கதவு வைத்த சங்குக்கடை, மறுபக்கம் சாய்ந்த தென்னை. நீலக் கதவு கிடைத்துவிட்டது. தென்னையைக் காணோம்.

சங்குக்கடைக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார். தமிழ் தெரிந்தவர்.

"இந்த இடம் இப்ப இல்லம்மா. போன மழையில இடிஞ்சு கடலுக்குப் போயிருச்சு. தென்னையும் சேர்ந்து போச்சு."

அவர் காட்டிய பக்கம் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பால் தரை இல்லை. கீழே சரிந்து கிடந்த சிவப்பு மண்ணை அலை கரைத்துக்கொண்டிருந்தது.

"இங்குட்டு நில்லுக்கா, நான் எடுக்கேன்" என்றான் சோணை. "அதே கடலுதானே. மயங்கி மட்டும் விழுந்துறாத, தூக்க ஆளு இல்ல."

"அவ இங்குட்டு நிக்கலடா."

"நாலு எட்டு தள்ளித்தானேக்கா."

"அந்த நாலு எட்டு எங்கடா இருக்கு?"

சோணை போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

பொன்னழகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மகள் நின்றிருக்கக்கூடிய உயரத்தைக் கண்ணால் தேடினாள். கால் வைக்க ஒரு பிடி மண் இல்லை. நீல வானம், ஒதுங்கிக் கிடந்த மேகம். பிளக்ஸ் கடைக்காரர் வைத்துக் கொடுத்தது போலவே இருந்தது.

வேனில் இருந்தவர்கள் போனில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"பாத்துட்டியாக்கா? போவமா?"

"ம்" என்றாள்.